டீசல் குழாயில் காந்தம்: வாங்கும் முன் யோசியுங்கள்

"டீசல் குழாயில் இந்தக் காந்தத்தை மாட்டினால் மைலேஜ் கூடும், புகை குறையும்" என்று சொல்லி விற்கிறார்கள். காந்தம் எரிபொருளின் மூலக்கூறுகளைப் பிரித்து நன்றாக எரியவைக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

உண்மை வேறு. டீசலில் இருப்பவை ஹைட்ரோகார்பன்கள். இரும்பைப் போல அவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள எஞ்சின், தனக்குள் வரும் டீசலை ஏறக்குறைய முழுவதுமாக எரித்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-களிலிருந்து 100-க்கும் மேற்பட்ட எரிபொருள் சிக்கனக் கருவிகளை ஆராய்ந்தது. கொஞ்சமேனும் பலன் தந்தவை மிகச் சிலவே; அந்தப் பட்டியலில் காந்தம் இல்லை.

டீசல் மிச்சமாக இவற்றைச் செய்யுங்கள்:

• மாதம் ஒருமுறையாவது, டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பாருங்கள்.

• ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் உரிய காலத்தில் மாற்றுங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

• கரும்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், டர்போ இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

• வண்டி நிற்கும்போது எஞ்சினை வெறுமனே ஓடவிடாதீர்கள்.

• நெடுஞ்சாலையில் சீரான, மிதமான வேகத்தில் செல்லுங்கள்.

காந்தத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல டீசல் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள். எஞ்சினுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான்.