எண்ட்ஸ்டாப் முரண்டு பிடித்தால்: புதிதாய் வந்த உனக்குப் பத்துச் சொல்

கண்ணு, லேசர் கட்டர் வாங்கிவிட்டாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். பலரும் தொடங்குகிற அதே கே40 வகை, 40 வாட் கார்பன் டை ஆக்சைடு குழாய் வைத்த சின்னப் பெட்டி. இன்றில்லாவிட்டால் நாளை, அதன் தலை மூலையில் நிற்காமல் சட்டத்தில் முட்டிக் கரகரவென்று கத்தும். இல்லையென்றால் பாதி வழியிலேயே நின்று, மூலைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். எண்ட்ஸ்டாப் போய்விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நாளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் நிறுத்து, அப்புறம் யோசி. முட்டி நிற்கிற தலையை ஸ்டெப்பர் மோட்டார் விடாமல் தள்ளும். பெல்ட் தேயும், குறுக்குச் சட்டம் கோணலாகும். பட்டறையில் ஒரு பையன் அந்தச் சத்தத்தை எனக்குக் காட்டவேண்டும் என்று போனில் பதிவு செய்துகொண்டு நின்றான். பதிவு தெளிவாக வந்தது, பெல்ட் போயிற்று.

2. எண்ட்ஸ்டாப் என்கிற அந்தச் சின்னப் பொருளின் வேலை என்ன என்று புரிந்துகொள். ஆன் செய்தவுடன் தன் தலை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. எத்தனை ஸ்டெப் நகர்ந்தோம் என்று எண்ணத் தெரியும்; எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் தெரியாது. அதனால் பின்பக்க இடது மூலைக்குப் போகிறது. எண்ட்ஸ்டாப் சிக்னல் தந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. இதைத்தான் ஹோமிங் என்கிறோம். வேலை தெரியாத பொருளைப் பழுது பார்க்கப் போகாதே.

3. தைரியத்தையும் அசட்டுத் துணிச்சலையும் ஒன்றாக நினைக்காதே. எண்ட்ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் பிளக்கையே பிடுங்கிவிடு. சோதிக்க மறுபடி ஆன் செய்யும்போது, முகப்பில் இருக்கிற லேசர் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். அந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர்; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். குழாய்க்குப் போகிற பல்லாயிரம் வோல்ட் இருக்கிற பக்கம் மல்டிமீட்டரோடு போகவே கூடாது. உனக்கு வேலை 5 வோல்ட் பக்கம் மட்டும்தான்.

4. புதிது வாங்குவதற்கு முன் பழையதைப் பார். உன் மெஷினில் இருப்பது மைக்ரோ சுவிட்சா, ஆப்டிகல் சென்சாரா? சுவிட்ச் என்றால் விரலால் அழுத்து, ‘டிக்’ கேட்கவேண்டும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து மறுபடி அழுத்திப் பார், பீப் மாறவேண்டும். ஆப்டிகல் என்றால், ‘ப’ வடிவப் பிளவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அகச்சிவப்பு ஒளி போகும். தலையோடு வருகிற சின்னத் தகடு அதை மறைக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை விட்டுச் சோதிக்காதே, அகச்சிவப்பு அதைக் கடந்துவிடலாம். இரும்பு ஸ்கேலின் முனையை விடு. நான் பார்த்த வரையில், புது சென்சார் ஆர்டர் போட்டுவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையது நன்றாகவே இருந்திருக்கிறது. தகடுதான் வளைந்திருக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூ தளர்ந்து சுவிட்ச் நகர்ந்திருக்கும்.

5. துடைக்கிற வேலையைக் கேவலமாக நினைக்காதே. பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் வெட்டும்போது வருகிற புகை, பிசினாகி எல்லா இடத்திலும் படியும். ஆப்டிகல் சென்சாரின் கண்ணில் படிந்தால், எதிரில் தகடு இல்லாமலே இருட்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடை. பிவிசியை மட்டும் எந்நாளும் வெட்டாதே. அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் குளோரைடு உன் நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் உலோகத்தையும் அரிக்கும்.

6. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எக்ஸ், ஒய் அச்சு இரண்டுக்கும் ஒரே வகை சுவிட்ச், தனித்தனி கனெக்டர் என்றால், பவரை அணைத்து இரண்டையும் போர்டில் இடம் மாற்றிச் செருகு. தலையை ஓடவிடாமல், கையால் மட்டும் அழுத்திப் பார். கோளாறு சுவிட்சோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. போர்டின் அதே இடத்தில் தங்கிவிட்டால் போர்டைப் பார். மூன்றை ஒன்றாக மாற்றியவனுக்கு மெஷின் ஓடலாம். எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது.

7. நகருகிற ஒயரை நம்பாதே. தலையோடு போய்வருகிற ஒயர் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே அறுந்துபோகும். சில கே40களில் வருகிற தட்டை ரிப்பன் கேபிளும் அப்படித்தான். தலை ஒரு ஓரத்தில் இருக்கும்போது பீப் வரும், மறு ஓரத்தில் வராது. பவர் இல்லாமல் தலையைக் கையால் மெதுவாக நகர்த்திக்கொண்டே அளந்து பார். ‘எப்போதாவது மட்டும் வருகிறது’ என்கிற கோளாறுக்குப் பொறுமைதான் முதல் கருவி.

8. மெஷின் சொல்வதைப் படி. போர்டை ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடுகிற ஒன்றாக மாற்றியிருந்தால், ஒரு கேள்விக்குறி அனுப்பினாலே எந்த எண்ட்ஸ்டாப் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பதில் வரும். அலாரம் 9 வந்தால், தேடிப்போன தூரத்துக்குள் சுவிட்ச் அகப்படவில்லை. அலாரம் 8 வந்தால், விலகி வந்த பிறகும் சுவிட்ச் விடுபடவில்லை. யாரும் அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டினால் சுவிட்ச் சிக்னலை எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்கிற $5 அமைப்பு தலைகீழாக இருக்கிறதா என்று பார். இரண்டு வரி படிக்கச் சோம்பல்பட்டு இரண்டு நாள் ஸ்க்ரூடிரைவரோடு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

9. எண்ட்ஸ்டாப்பின் வாயை அடைக்காதே. வேலை நடுவில் காரணமில்லாமல் அலாரம் அடித்தால், எண்ட்ஸ்டாப் பட்டவுடன் மெஷினை நிறுத்துகிற ஹார்டு லிமிட்டையே பலர் அணைத்துவிடுவார்கள். காவல்காரன் அடிக்கடி விசில் ஊதுகிறான் என்று அவனை வீட்டுக்கு அனுப்புகிற கதைதான். உயர் மின்னழுத்த ஒயருக்குப் பக்கத்தில் எண்ட்ஸ்டாப் ஒயர் ஓடினால் பொய்ச் சிக்னல் வரும். இரண்டையும் பிரித்துக் கட்டு, ஷீல்டு ஒயர் போடு, சுவிட்சின் என்சி முனையை (அழுத்தாதபோது இணைந்திருப்பது) பயன்படுத்து. என்சியில் ஒயர் அறுந்தால், சுவிட்ச் அழுத்தப்பட்டதாகவே மெஷின் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அறுந்தது உடனே தெரிகிற ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு.

10. கேட்க வெட்கப்படாதே, ஆனால் கண்டதைச் சொல். எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஃபிட்டர், “சென்சார் போச்சுண்ணே” என்றால் திரும்பியே பார்க்கமாட்டார். “அழுத்தினா பீப் வருது, மெஷின் நிக்கல” என்றால் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு வருவார். முன்னது உன் ஊகம், பின்னது நீ கண்டது. சரியான பிறகும் நாலைந்து இடத்திலிருந்து ஹோமிங் கொடு. தலை வந்து நிற்கிற இடத்தை ஒட்டுக் காகிதத்தில் பென்சிலால் குறி; குறி ஒரே இடத்தில் விழவேண்டும். என்ன பார்த்தாய், எதை மாற்றினாய் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

சென்சார் விலை சொற்பம், கண்ணு. மாற்றுவது யாருக்கும் வரும். எது கெட்டது என்று தெரிந்துகொண்டு மாற்றப் பழகு. அப்படிப் பழகிவிட்டால் அடுத்து எந்த மெஷின் உன் கைக்கு வந்தாலும் நீ பயப்படமாட்டாய்.