குரு இல்லாத 29 ஆண்டுகள்



நாளை காலையிலிருந்து உங்கள் ஊரில் கோவில் மணி அடிக்காது, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லை, பெருநாளும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் எது மிஞ்சும்? இது வெறுங் கற்பனையன்று. இக்குடாநாட்டில் எங்கள் முன்னோர் 29 ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே வாழ்ந்தார்கள்.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தது. குருமார் வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிப்பிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டிலேயே கட்டளையும் பிறந்தது. வாள் மட்டும் வந்திருந்தால் சோதனை இலகுவாயிருந்திருக்கும். வாளோடு தோம்பும் வந்தது. ஒல்லாந்தச் சபையில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிந்தவனுக்கே அரசாங்க உத்தியோகம். பிள்ளைகளின் முதுசத்துக்கும் அந்தப் பதிவே ஆதாரம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் தண்டப்பணம். ஆகவே வயிற்றுக்கும் வளவுக்குமாகச் சபைக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். சைவர்களும் அப்படியே போய் வந்தார்கள்.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் இங்கு வந்தார். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பவர் என்று அவருக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக இரந்து திரிந்தார். அந்த மாலையில் யாருடைய கண் தரித்து நின்றது என்பதே அவருக்கு அடையாளம். அப்படியே கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். பின்பு சில்லாலையில் தங்கி, இரவிலே திருப்பலி நிறைவேற்றினார்.

இங்கே சற்று நின்று கணக்குப் பாருங்கள். கோட்டை விழுந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 29 வயது. அது ஒரு பூசையையும் கண்டிராது. ஆயினும் செபமாலையைக் கண்டால் அதற்குத் தெரியும். யார் காட்டிக்கொடுத்தார்கள்? தாயும் பாட்டியுந்தான், வேறு யார்! விளக்கேற்றும் வேளையில் சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம். சாகக் கிடக்கும் குழந்தைக்கு வீட்டாரே ஊற்றும் ஞானஸ்நானத் தண்ணீர். இவ்வளவுதான் மிஞ்சியது. இவ்வளவும் போதுமாயிருந்தது.

அப்படியானால் தோம்புக்காகச் சபைக்குப் போனவர்களை என்ன சொல்வது? வேதாகமத்தில் நாமானின் கதையை வாசியுங்கள் (2 அரசர் 5). குட்டரோகம் நீங்கிய அந்தச் சேனாதிபதி, இனி மெய்யான கடவுளையே வணங்குவேன் என்கிறான். ஆனால் என் அரசன் ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்து வணங்கும்போது நானும் குனிய வேண்டி வருமே, அதை ஆண்டவர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசேயு அதை நியாயப்படுத்தவில்லை, அவனைத் திட்டவுமில்லை. சமாதானத்தோடு அனுப்பிவைக்கிறார். கவனியுங்கள்: நாமான் குனிவதை வணக்கம் என்று தனக்குத்தானே பொய் சொல்லவில்லை. போகும்போது இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண்ணையும் கேட்டு வாங்குகிறான், தன் ஊரிலே ஆண்டவரை வணங்க ஓரிடம் வேண்டுமென்று.

குனியமாட்டோம் என்று நின்றவர்களும் உண்டு. 1689இல் நத்தார் இரவு பூசைக்குக் கூடியவர்கள்மீது படையினர் பாய்ந்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர் என்பர். ஒல்லாந்தச் சபையை விட்டு வந்த டொன் பேதுரு அடியுண்டே மாண்டார். அடிகளாரோ பிடிபடவில்லை. பின்னர் புத்தளத்துக்கும் கண்டிக்கும் சென்று, 1711 தை 16இல் கண்டியில் மரித்தார். 2015 தை 14இல் கொழும்பிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இன்று எங்கள் கோவிலை யாரும் பூட்டவில்லை. தோம்பு மட்டும் வேறு உருவில் வருகிறது. பள்ளிக்கூட அனுமதிக்காக மாத்திரம் ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கப் பங்குமனைக்கு வருகிறோம். வெளிநாட்டு விசாவுக்காக இன்னொருவர் மனைவியென்று பெயர் கொடுக்கச் சம்மதிக்கிறோம். கடையில் வரிக்கு ஒரு கொப்பி, வீட்டுக்கு ஒரு கொப்பி. சீதனம் பேசும்போது மட்டும் சுவரிலிருக்கும் திரு இருதயப் படம் எங்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ‘உலகம் அப்படி’ என்று ஒரு சமாதானம். நாமானுக்கிருந்த கூச்சமாவது எங்களுக்கு இருக்கிறதா?

இன்னொரு பக்கத்தில் விசுவாசத்தின்மேல் சுமைகளையும் ஏற்றிவிட்டோம். முதல் நன்மைக்கு மண்டபமும் வீடியோவும். பெருநாளுக்கு அயலூரை வெல்லும் ஒலிபெருக்கி. பெருநாள் கூடாதென்பதல்ல, அது எங்கள் மகிழ்ச்சி. ஆனால் முதல் நன்மைக்குக் கடன்பட்ட குடும்பம், அந்தக் கடன் தீருமட்டும் கோவில் வாசலுக்கு வரக் கூசுகிறதே, அது யாருடைய குற்றம்?

1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு இது விளங்கும். காணி உறுதியையும் பிள்ளையையும் தூக்கிய கையில் வேறு எதற்கும் இடமிருக்கவில்லை. செபமாலை சட்டைப் பையில் அடங்கியது.

ஆதலால் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இன்றிரவு தொலைக்காட்சியை நிறுத்தி, வீட்டாரெல்லாரும் ஒரு கால்மணி நேரம் கூடி இருங்கள். செபமாலையைப் பிள்ளைகள் மாறிமாறிச் சொல்லட்டும், பிழைவிட்டால் சிரிக்காதீர்கள். நடுவிலே கனடாவிலிருந்து மகனின் தொலைபேசி அழைப்பு வந்தால் துண்டிக்க வேண்டாம். அங்கே அப்போது காலைநேரம், வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பான். தொலைபேசியை நடுவில் வைத்து, அடுத்த பத்து மணியை அவனைச் சொல்லச் சொல்லுங்கள்.