கழுத்தில் நெறி கட்டினால் ஸ்கேன் என்ன சொல்லும்?

குழந்தைக்குத் தலை வாரும்போது கழுத்தில் மொச்சைக்கொட்டை போல ஏதோ கையில் தட்டுப்படுகிறது. அன்றிரவு தாய்க்குத் தூக்கம் வருவதில்லை. ஊரில் இருந்தால் பாட்டி தடவிப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு, போயிடும்" என்று தைரியம் சொல்லியிருப்பார். மெட்டுகுடாவில் இருக்கும் நாமோ தெலுங்கிலோ இந்தியிலோ மருத்துவரிடம் விளக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதைப் பற்றிச் சிறிது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நெறி என்பது என்ன?

நம் உடலில் நோய்க்கிருமிகளை வடிகட்டும் காவல் நிலையங்கள் நிணநீர்க் கணுக்கள். தொண்டைப்புண், சொத்தைப்பல், காதில் சீழ், தலையில் பேன் கடித்துச் சொறிந்த புண் ஆகிய எது வந்தாலும் கழுத்துக் கணுக்கள் வீங்கும். வளரும் பிள்ளைகளுக்கு 1 செ.மீ. வரையுள்ள சிறு கணுக்கள் கைக்குத் தட்டுப்படுவது சகஜம். பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே வற்றிவிடும்.

ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

1958-ல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, அல்ட்ராசவுண்ட் மருத்துவத்தில் பரவலாயிற்று. நம் காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. ஊசியோ மயக்க மருந்தோ தேவையில்லை. கழுத்தில் பசை தடவி, சிறு கருவியை மெல்ல நகர்த்துவார்கள். குழந்தை அம்மா மடியிலேயே இருக்கலாம்.

மருத்துவர் படத்தில் பார்ப்பவை:

1. வடிவம்: சாதாரண வீக்கத்தில் கணு அவரை விதை போல நீளமாக இருக்கும். பந்து போல உருண்டிருந்தால் கவனம் தேவை.

2. நடுப்பகுதி: ரத்தக்குழாய்கள் நுழையும் நடுப்பகுதி வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் பெரும்பாலும் நல்ல அறிகுறி. அது மறைந்திருந்தால் மேலும் சோதிப்பார்கள்.

3. ரத்த ஓட்டம்: டாப்ளர் முறையில், ரத்தம் நடுவிலிருந்து கிளைக்கிறதா, ஓரங்களில் தாறுமாறாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்.

4. உள்ளே சீழ்: சீழ் கோத்திருந்தால் நீர் போலக் கறுப்பாகத் தெரியும். பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே அழுகியிருந்தால் காசநோய்ச் சந்தேகம் எழும். நம் முன்னோர் 'கண்டமாலை' என்றது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்கேன் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். முடிவான தீர்ப்பு சொல்லாது. காசநோயா, வேறு நோயா என்று உறுதி செய்ய, கணுவில் மெல்லிய ஊசி செலுத்தி எடுத்துச் சோதிக்க வேண்டும். சில சமயம் கணுவையே எடுத்துப் பார்ப்பார்கள். ஊசியைச் சரியான இடத்தில் செலுத்தவும் ஸ்கேன் வழிகாட்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கட்டி 2 செ.மீ.க்கு மேல் பெரிதாகி 2 வாரத்துக்கு மேல் இருந்தால், கல் போல அசையாமல் இருந்தால், காறை எலும்புக்கு மேலே தோன்றினால், அல்லது விடாத காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை சேர்ந்திருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே புறப்படுங்கள்.

செய்யக் கூடாதவை:

கட்டியை அழுத்திப் பிழியாதீர்கள், சூடு வைக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்காதீர்கள். அது வீக்கத்தை வற்றச் செய்து, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றை மறைத்துவிடும்.

காசநோய் என்று தெரிந்தாலும் கலங்க வேண்டாம். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். வழக்கமாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் கணு சற்றுப் பெரிதாவதும் உண்டு. "மருந்து பலிக்கவில்லை" என்று நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரயில்வே குடும்பத்தினருக்கு லாலாகுடா மத்திய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்குக் காந்தி மருத்துவமனையும், குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் நிலோபர் மருத்துவமனையும் இருக்கின்றன. போகும்போது கட்டி என்று தொடங்கியது, எவ்வளவு வளர்ந்தது, காய்ச்சல் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். மொழி தடுமாறினாலும் அந்தத் தாள் பேசும். ஸ்கேன் அறிக்கையையும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.