முதல் நாள் பிசியோதெரபிக்குப் போகுமுன்

கேள்வி: எனக்கு வயது 52. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு மாதமாக வலது தோளில் வலி. முதலில் வலி மட்டும்தான். இப்போது கையே மேலே போகவில்லை. தலை பின்ன முடியவில்லை, உள்ளாடைக் கொக்கி மாட்ட முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பு நன்றாக இருக்கிறது, தோள் இறுகிவிட்டது, பிசியோதெரபிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். கூட வேலை பார்க்கும் அக்கா, "கையைப் பிடித்து முறுக்குவார்கள், உயிர் போய்விடும்" என்கிறார். இன்னொருவர், "பத்து நாள் கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார். எதை எடுத்துக்கொண்டு போவது? என்ன சொல்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதல் நாள் உங்கள் கையை யாரும் முறுக்கப் போவதில்லை. அன்றைக்குப் பெரும்பகுதி நேரம் கேட்பதிலும் பார்ப்பதிலும்தான் போகும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகலாம். ஷிப்ட் முடிந்து அவசரமாக ஓடாமல், அரை நாள் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் உங்களையே கையைத் தூக்கச் சொல்வார். பிறகு கையைத் தளரவிடச் சொல்லி, அவர் தூக்கிப் பார்ப்பார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. தோளின் தசைநார் கிழிந்திருந்தால் உங்களால் தூக்க முடியாது, ஆனால் அடுத்தவர் தூக்கினால் கை போகும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது. அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார். தோள் இறுகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது இந்த அசைவுதான். கோணம் அளக்கும் கருவியால் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்வார். அந்த எண்களை நீங்களும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க அவைதான் கணக்கு.

இந்தச் சோதனையில் வலிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி வந்த இடத்தில் "இங்கே வலிக்கிறது" என்று உடனே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. வலி மிகுந்திருக்கும் ஆரம்பக் கட்டத்தில் பலவந்தமாக இழுத்தால் தோள் இன்னும் சீண்டப்படும். ராத்திரி தூக்கம் கலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்தில் இருக்கலாம். அதனால் இதை மறக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

போவதற்கு முன்னால், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வேலை செய்தால் வலிக்கிறது, அதை நிறுத்திய பிறகு வலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஐந்து நிமிடத்தில் அடங்கும் வலிக்குக் கொடுக்கும் பயிற்சி வேறு, ராத்திரி முழுக்க நிற்கும் வலிக்குக் கொடுக்கும் பயிற்சி வேறு. உங்களிடமிருந்து மட்டுமே கிடைக்கும் தகவல் இது, எந்த ஸ்கேனிலும் தெரியாது. மெஷினில் கை எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பஸ்ஸில் கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறீர்கள், குடத்தை எந்தப் பக்கம் தூக்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். "ஒரே வலி" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. "தலை பின்ன வேண்டும், அதுதான் முதலில் வேண்டும்" என்று சொன்னால் பயிற்சியையே அதை நோக்கி அமைப்பார்.

சர்க்கரை இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோள் இறுகுவது 40 முதல் 60 வயதுக்குள் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தைராய்டு கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையின் ரிப்போர்ட், எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் போகலாமா என்று தயங்க வேண்டாம், டாக்டர் கேட்காதவரை தேவையில்லை. கையிலோ காலிலோ மரத்துப்போன உணர்வு இருந்தால் முதல் வேலையாகச் சொல்லுங்கள். சூட்டு ஒத்தடம் வைக்கும்போது சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும் ஆபத்து மரத்துப்போனவர்களுக்கு உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் உலோகத் தகடு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை என்று எது இருந்தாலும் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நாட்டு வைத்தியரிடம் நீவிக்கொண்டது, கட்டுப் போட்டது, தோளில் ஊசி போட்டுக்கொண்டது எதையும் மறைக்காதீர்கள். நல்ல சிகிச்சையாளர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குத் தெரியாமலிருப்பதுதான் ஆபத்து.

அன்று எண்ணெய், வலி தைலம் எதுவும் தடவாமல் போங்கள். கரண்ட் பட்டை எண்ணெய்த் தோலில் ஒட்டாது. தைலத்தின் மேல் சூடு வைத்தால் எரிச்சலும் புண்ணும் வரலாம். சர்க்கரை மாத்திரையையும் சாப்பாட்டையும் வழக்கமான நேரத்துக்கே எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வது நல்லது. வலி மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

தோளைத் திறந்து பார்க்காமல் சோதிக்க முடியாது. கையில்லாத தளர்ந்த ஜாக்கெட்டோ, முன்பக்கம் பட்டன் வைத்த மேல்சட்டையோ வசதி. போர்த்திக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்றோ, மகள் கூட இருக்கட்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை. போன் செய்து நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். அது வலியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும், அந்த இடைவெளியில் கையை அசைத்துப் பழகலாம். இறுகிய உறையை அது தளர்த்தாது. பத்து நாளும் மெஷினை வைத்துவிட்டு, வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராமல் அனுப்பினால், "எனக்குப் பயிற்சி எப்போது?" என்று கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பணமும் நாளும் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, ஒரு கம்பைப் பிடித்து நல்ல கையால் மற்றக் கையைத் தள்ளுவது என்று எளிய பயிற்சிகள்தான் பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்குக் கிளம்புமுன் அவர் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை, எவ்வளவு வலி வரை, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் வர வேண்டாம்.

தோள் இறுக்கம் பத்து நாளில் தீரும் நோய் இல்லை. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கை திரும்ப நன்றாகவே வரும். வலி தாங்காமல் டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை நினைவில் வைத்து அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். தினமும் லீவு போட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஓரிரு நாள் வருகை, மற்ற நாட்களில் வீட்டுப் பயிற்சி என்று பேசிப் பாருங்கள்.

காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ, திடீரென்று கை பலமிழந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு அடைத்துத் தோளுக்கு வலி பரவினாலோ பிசியோதெரபிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அடுத்த வாரம் முதன்முறையாக அழைத்துப் போகிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். நான் என்ன கவனிக்க வேண்டும்?
- வாசகர், காரைக்குடி

பதில்: அவர் பேசாவிட்டாலும் நடை பேசும். படியில் ஏறும்போது கஷ்டமா, இறங்கும்போதா? நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறாரா? வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறையா? கடைசியாக எப்போது விழுந்தார்? இவற்றைப் பார்த்து வையுங்கள். வழக்கமாகப் போடும் செருப்பையும் கைத்தடியையும் எடுத்துப் போங்கள். தடியின் உயரம் பொருந்தாமல் இருப்பது மிகச் சாதாரணம், அன்றைக்கே சரிசெய்துவிடலாம். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்ட வசதியாக வேட்டியோ லுங்கியோ போதும். எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தாலும் வலி குறைவாக இருப்பவர்கள் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. அதனால் படத்தைப் பார்த்து அப்பாவைப் பயமுறுத்த வேண்டாம். கேள்விகளுக்கு முதலில் அவரே பதில் சொல்லட்டும், விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேருங்கள்.

நடக்கவே முடியாத நிலை என்றால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் சேவைகளில் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் நீவிவிடக் கூடாது, பயிற்சியும் கூடாது. ரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் அன்று பிசியோதெரபி நேரத்தை ரத்து செய்துவிட்டு நேரே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.