வீட்டில் செய்யும் மின்சுற்றுப் பலகைக்குப் பேட் அமைக்கும் முறை

தொழிற்சாலையில் தயாராகும் இருபக்கப் பலகையில், துளையின் உட்சுவரிலும் செம்பு பூசப்பட்டு, மேலும் கீழுமுள்ள வளையங்கள் ரிவிட் அடித்தாற்போலப் பலகையைக் கவ்விக்கொண்டிருப்பதால், பேட், அதாவது பாகத்தின் கால் பற்றவைக்கப்படும் செம்புத் திட்டு, சிறியதாக இருந்தாலும் எளிதில் பெயர்வதில்லை. நாம் அச்சிட்ட படத்தின் டோனரை இஸ்திரிப்பெட்டியால் செம்பில் ஏற்றி, ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுக்கும் ஒருபக்கப் பலகைக்கோ அந்த ஆதாரம் கிடையாது. சுமார் 35 மைக்ரான் கனமுள்ள செம்பைப் பிடித்து நிறுத்துவது அடியிலுள்ள ரெசின் ஒன்றே, அதுவும் சால்டரிங் அயனின் உஷ்ணத்தில் பிடி தளர்வது. ஆகையால் பேட்டின் விஸ்தீரணமே அதன் பலம் என்று கொண்டு வரையத் தொடங்க வேண்டும்.

முதலில், பாகத்தின் காலைப் பார்த்துத் துளையை நிர்ணயிக்கவும். கால் வாட் ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் 0.8 மி.மீ., ஒரு ஆம்பியர் டயோடுக்கு 1 மி.மீ., ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.3 மி.மீ. போதும். கையால் துளையிடும்போது பிட் சற்று விலகுவது சகஜமாதலால், துளையைச் சுற்றி 0.5 மி.மீ. செம்பாவது எஞ்ச வேண்டும். இடமிருந்தால் இன்னும் தாராளமாக விடலாம். ஐசியின் கால்கள் 2.54 மி.மீ. இடைவெளியில் நிற்பதால், அங்கே 2 மி.மீ. வட்டம் வரைந்தால் அடுத்தடுத்த பேட்டுகளுக்கிடையே அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். டோனர் சிறிது பரவினாலும் ஈயம் பாலமிட்டுவிடும். வரிசை ஓடும் திசையில் 1.6 மி.மீ., குறுக்கே 2.5 மி.மீ. என்று நீள்வட்டமாக அமைத்தால், பக்கங்களில் குறைந்த செம்பு நீளத்தில் ஈடாகி, இடைவெளியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும். அந்த இடைவெளியில் டிராக் ஓட்டும் ஆசையை விட்டுவிடுவது நலம்.

அடுத்தது, பலர் கவனிக்கத் தவறும் சூக்ஷ்மம். அச்சில் துளையை அதன் முழு அளவில் காட்டலாகாது. 0.8 மி.மீ. வெள்ளைப் புள்ளியாக அச்சிட்டால், அரித்த பின் 0.8 மி.மீ. பிட்டுக்கு ஊன்ற இடமின்றி, அது விளிம்பைச் சுரண்டிக்கொண்டு ஒருபுறமாகச் சரியும்; 0.3 அல்லது 0.4 மி.மீ. புள்ளியாக அச்சிட்டாலோ, செம்பில் சிறு குழி விழுந்து, பிட்டின் முனை தானாகவே அதில் அமர்ந்து நடுவில் இறங்கும். இதன் பொருட்டே, பலகையின் படம் வரையும் கிகேட் மென்பொருளில், அச்சிடும்போது துளைக் குறியைச் சிறியதாக வைக்கும் வசதி இருக்கிறது. சென்டர் பஞ்ச் அடிக்கும் வேலையும் இதனால் மிச்சம்.

டிராக் பேட்டைச் சேருமிடத்தைக் கண்ணீர்த்துளி வடிவில் அகலப்படுத்துக. மெல்லிய டிராக் பெரும்பாலும் முறிவது அங்கேதான். கிரவுண்டுக்கென விட்ட அகன்ற செம்பில் பேட் முழுதும் தோய்ந்திருந்தால் உஷ்ணம் பரவிப்போய் ஈயம் உருகாது. நான்கு குறுகிய கைகளால் இணைத்தால் அந்தத் தொல்லை இராது.

இறுதியாக, படத்தைச் சாதாரணத் தாளில் அசல் அளவில் அச்சிட்டு, தெர்மோகோல்மீது பரப்பி, ஐசியையும் டெர்மினலையும் அதில் குத்திப் பாருங்கள். கால்கள் புள்ளிகளில் சரியாக இறங்கவில்லையென்றால், பிரிண்டர் படத்தைத் தாளுக்கேற்பச் சுருக்கியிருக்கக்கூடும். அந்த அமைப்பை மாற்றி மறுபடி சோதித்த பிறகே இஸ்திரிப்பெட்டியைச் சூடேற்றுங்கள்.