கிரெடிட் கார்டு பில்லில் தெரியாத சந்தாவா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்டேட்மென்ட்டைத் திறக்கிறீர்கள். பெட்ரோல், மளிகை, கரன்ட் பில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடுவில் ஒரு வரி மட்டும் இடிக்கிறது: ₹499, வாயில் நுழையாத ஒரு கம்பெனிப் பெயர். போன மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்தால் அதிலும் அதே தொகை, அதே தேதி.

இது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எப்போதோ நீங்களே ஓகே கொடுத்துவிட்டு மறந்துபோன சந்தா, அல்லது திருட்டு. இரண்டுக்கும் போக வேண்டிய வழி வேறு. மறந்த சந்தாவை மோசடி என்று புகார் செய்தால் கார்டு பிளாக் ஆகும்; விசாரணையில் நீங்கள் போட்ட ஓடிபி வெளியே வந்து புகாரும் தள்ளுபடியாகும். திருட்டைச் சந்தா என்று நினைத்து 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், ரிசர்வ் வங்கி விதியில் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு கைநழுவிப் போகும். ஆகவே எது என்பதை இன்றைக்கே கண்டுபிடியுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் எஸ்எம்எஸ் வந்த தேதியைப் பாருங்கள். நாள் கணக்கு ஸ்டேட்மென்ட் வந்த அன்று தொடங்குவதில்லை. பணம் பிடித்ததாக வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியதே, அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்கள் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, வெளியே எங்கோ நடந்த மோசடி என்றால், 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ₹5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் ₹10,000, அதற்கு மேல் லிமிட் என்றால் ₹25,000 வரை உங்கள் தலையில் விழும். 7 நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் தீர்மானிக்கும். எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிட்டு, மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டில் பார்த்துப் பதறுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

• அந்த வரியைப் பிரித்துப் படியுங்கள். ஆப்பின் பெயர் ஒன்று, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் வேறொன்று, பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே மூன்றாவது. ஸ்டேட்மென்ட்டில் இதில் எது வேண்டுமானாலும் வரும். 'ரேசர்பே', 'பேயு' என்று இருந்தால் அது பணம் போன வழி மட்டுமே, கடை வேறு. 'கூகுள்' என்று தொடங்கினால் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஆப்பின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வெளிநாட்டுச் சந்தா என்றால் ஒன்றே இரண்டு மூன்று வரியாக வரும்: ரூபாய்க்கு மாற்றிய தொகை ஒரு வரி, கார்டைப் பொறுத்து சுமார் 3.5 சதவீதம் வரை மார்க்-அப் ஒரு வரி, அந்த மார்க்-அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு வரி. மூன்று திருட்டு நடந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

• வீட்டில் கேளுங்கள். ஆட்-ஆன் கார்டு மனைவியிடம் இருக்கும், உங்கள் கார்டு பிள்ளையின் போனில் கூகுள் பிளேயில் ஏறியிருக்கும். கோபமாகக் கேட்டால் உண்மை வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

• மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் தொகையைப் போட்டுத் தேடுங்கள். 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பணம் பிடிக்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒருமுறை உங்கள் ஓடிபி வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். யார் பிடிக்கப்போகிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதி, எதற்காக, நீங்கள் கொடுத்த அனுமதியின் (மேண்டேட்) எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒரு தகவல் கிடைத்தால் அது சந்தா. ஓடிபியும் வந்ததில்லை, முன்தகவலும் இல்லை, பிடித்ததும் வெளிநாட்டு நிறுவனம் என்றால் திருட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

• சந்தா என்று தெரிந்தால் இரண்டு இடத்திலும் நிறுத்துங்கள். கம்பெனியின் ஆப்பில் 'கேன்சல்' செய்வது ஒன்று. வங்கி ஆப்பில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற பக்கத்துக்குப் போய் அந்த அனுமதியையே ரத்து செய்வது இன்னொன்று. முதலாவதை மட்டும் செய்தால் அவர்கள் பக்கம் கோளாறு நடந்து மறுபடி பிடிக்கலாம். இரண்டாவதை மட்டும் செய்தால் பணம் போகாது, ஆனால் அவர்கள் கணக்கில் நீங்கள் பாக்கிக்காரர். ரத்து செய்யும்போதும் ஓடிபி கேட்கும், விதியே அப்படித்தான். அதை வங்கி ஆப்பில் நீங்களே போடுங்கள்.

• ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்திருந்தால் யுபிஐ ஆப்பையும் திறந்து பாருங்கள். அங்கே 'ஆட்டோபே' என்று தனிப் பட்டியல் உண்டு. அந்த அனுமதியைக் கார்டின் இ-மேண்டேட் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

• பிடித்த பணத்தை முதலில் கம்பெனியிடமே கேளுங்கள். புதுப்பித்த ஓரிரு நாளுக்குள், பயன்படுத்தாத நிலையில், மரியாதையாக ஒரு மெயில் போட்டால் பல கம்பெனிகள் திருப்பித் தருகின்றன. வங்கி வழியாகப் போனால் வாரக்கணக்கில் இழுக்கும். நிறுத்தும் பட்டனையே ஒளித்து வைத்து இழுத்தடிக்கிறார்களா? அதற்கு 'சந்தாப் பொறி' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

• திருட்டு என்று தோன்றினால் முதலில் கார்டைப் பூட்டுங்கள், பிறகு பேசுங்கள். ஆப்பில் பூட்ட அரை நிமிடம் போதும். அதன்பின் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். சைபர் கிரைம் எண் 1930க்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

• போனில் சொன்னதை உடனே மெயிலிலும் எழுதுங்கள். தேதி, தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடியே பெயர், புகார் எண், ஸ்க்ரீன்ஷாட். நான்கு வரி போதும். எத்தனையாவது நாளில் சொன்னீர்கள் என்ற வாக்குவாதம் வரும்போது இந்த மெயில்தான் பேசும்.

• 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. எப்படிப் புகார் செய்வது என்று கேட்க 14448. வங்கியிடம் முதலில் புகார் கொடுத்த அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன மெயிலுக்கு இங்கேயும் வேலை உண்டு.

• வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் கார்டு எண்ணும் சிவிவியும் இருந்தாலே பணம் போய்விடுகிறது, ஓடிபி கேட்பதில்லை. 2020 முதல் ஒவ்வொரு வங்கியும் இந்த ஆன்-ஆஃப் வசதியைத் தந்தாக வேண்டும். தேவைப்படும் அன்று போட்டு, வேலை முடிந்ததும் அணையுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஆப்பை டெலீட் செய்துவிட்டுச் சந்தா முடிந்தது என்று இருக்காதீர்கள். போனிலிருந்து போவது ஆப் மட்டும்தான். சந்தா கூகுள் பிளேயில் உங்கள் கணக்கின் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்தில் உயிரோடு இருக்கும். மாதாமாதம் பணம் போகும், பார்க்க ஆப்கூட இருக்காது.

• கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். இந்த விஷயத்தில் ஆள் அதிகம் கவிழ்வது இங்கேதான். ஒருவர் ₹299 சந்தாவை நிறுத்த எண்ணைத் தேடுவார். முதலில் கண்ணில் படும் எண் மோசடிக்காரன் போட்டு வைத்ததாக இருக்கும். எதிர்முனையில் தேன் ஒழுகும் குரல், "கவலைப்படாதீங்க சார், ரீஃபண்ட் உடனே போட்டுடலாம், இந்த ஒரு ஆப்பை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க" என்னும். அது திரையைப் பகிரும் ஆப். அடுத்த பத்து நிமிடத்தில் போவது ₹299 அல்ல, கார்டின் மொத்த லிமிட். எண் வேண்டுமென்றால் கார்டின் பின்பக்கம், வங்கி ஆப், ஸ்டேட்மென்ட், இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள்.

• ஓடிபியை யாருக்கும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். 'கேன்சல் செய்யத்தான்' என்றாலும் சரி, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சரி. நீங்களே சொன்ன ஓடிபியால் போன பணம் உங்கள் கவனக்குறைவுக் கணக்கில் சேரும். வங்கிக்கு நீங்கள் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். பூஜ்யப் பொறுப்பு விதி அங்கே கைகொடுக்காது. ஓடிபியைப் போடுவதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். ரத்துக்கு என்று சொன்னவன் அனுப்ப வைத்தது ₹48,000 வாங்குவதற்கான ஓடிபியாக இருக்கும்.

• 'இரண்டு ரூபாய்தானே' என்று விடாதீர்கள். திருடிய கார்டு எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் சின்னத் தொகையைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். பெரிய தொகை பின்னால் வரும்.

• தகராறு நடக்கிறது என்பதற்காக மொத்தப் பில்லையும் கட்டாமல் நிறுத்தாதீர்கள். ₹499க்காக ₹23,000 பில்லை நிறுத்தினால் தாமதக் கட்டணம், பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி, அதற்கு ஜிஎஸ்டி, கூடவே சிபில் ஸ்கோர் அடி. மோசடி என்று நீங்கள் புகார் செய்த தொகைக்கு மட்டும், விசாரணை முடியும் வரை வங்கி எந்தக் கட்டணமும் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. அந்தத் தொகையைக் கழித்துக் கட்டலாமா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். மறந்த சந்தா என்றால் இந்தச் சலுகை இல்லை, அதையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

• தற்காலிக வரவைச் செலவழிக்காதீர்கள். மோசடிப் புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். முடிவு உங்களுக்கு எதிராகப் போனால் அந்த வரவு திரும்ப எடுக்கப்படும்.

• தெரிந்தே எடுத்த சந்தாவை 'நான் செய்யவே இல்லை' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனியிடம் உங்கள் லாகின், ஐபி முகவரி, நீங்கள் படம் பார்த்த நேரம்வரை இருக்கும். 'ரத்து செய்த பிறகும் பிடித்தார்கள்' என்பது உண்மையானால் அதையே சொல்லுங்கள். வங்கியின் புகார்ப் படிவத்தில் அதற்கென்றே தனிக் காரணம் உண்டு. ரத்து செய்ததற்கான மெயிலை இணைத்தால் அந்தப் புகார் நிற்கும்.

• கார்டை மாற்றினால் எல்லாம் தீர்ந்தது என்று நம்பாதீர்கள். புது கார்டின் விவரத்தை நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் சேவை கார்டு நெட்வொர்க்குகளிடம் உண்டு. திருட்டுக்குக் கார்டு மாற்றுவது மருந்து. சந்தாவுக்கு மருந்து ரத்து மட்டும்தான்.

• வங்கியே போட்ட வரியை விட்டுவிடாதீர்கள். 'கார்டு புரொடெக்ஷன்', 'கிரெடிட் ஷீல்டு' என்று ஏதாவது இருந்தால், போனில் யாரோ விற்ற இன்ஷூரன்ஸுக்கு நீங்கள் 'ம்' கொட்டியிருக்கலாம், கொட்டாமலும் இருந்திருக்கலாம். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைத் தலையில் கட்டக்கூடாது. சம்மதித்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கேட்ட மாத்திரத்தில் பணம் திரும்பி வருவதும் உண்டு.

• ஒரு ரூபாய் ட்ரையலுக்கு ஓடிபி போடும்போது அடுத்த வரியைப் படிக்காமல் போகாதீர்கள். அந்தப் பக்கத்திலேயே அதிகபட்சத் தொகை, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எதுவரை என்று இருக்கும். இன்று ₹1, அதிகபட்சம் ₹15,000 என்று இருந்தால், அந்தத் தொகை வரை இனி ஓடிபி கேட்காமலே பிடிக்கலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் வங்கி ஆப்பில் இ-மேண்டேட் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு பெயருக்கும் 'இது இதற்காக' என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாததை இன்றே ரத்து செய்யுங்கள். பிறகு தேவைப்பட்டால் மறுபடி சேர்ந்துகொள்ள ஒரு ஓடிபிதான்.