நமக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு யார்?



கடையைப் பூட்டுமுன் அன்றைய வரவு செலவைப் பார்க்காத வியாபாரி நம்மில் இல்லை. ஆனால் வீட்டில் அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை ஒன்று இருந்தால், பெற்றோர் பார்க்க அஞ்சித் தள்ளிப்போடும் கணக்கு ஒன்றுண்டு. நாற்பது வயதிலும் பிறர் துணை வேண்டிய அந்தப் பிள்ளை, நம் காலத்துக்குப் பின் எங்கே தங்கும்? யார் பார்ப்பார்?

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். இது பைத்தியம் அன்று. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியலாம். இதுவோ பிறப்பிலோ சிறு வயதிலோ தொடங்கி ஆயுள் முழுதும் கூட வருவது. ஆயினும் இவர்களும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் தொழில் கற்பார்கள்; அன்பை அறிவார்கள்.

திருக்குர்ஆன் அன்னிஸா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம், பொருளை ஆளும் விவேகமில்லாதவர் கையில் சொத்தை ஒப்படைக்க வேண்டாம் என்கிறது. அத்துடன் நில்லாமல், அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், இதமாகப் பேசவும் கட்டளையிடுகிறது. அங்கே ‘அதிலிருந்து’ என்னாமல் ‘அதில்’ உணவளியுங்கள் என்று வந்திருப்பதை இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (மறைவு 1210) எடுத்துக்காட்டுகிறார். முதலை எடுத்துத் தின்னக் கொடுக்காமல், அதை வியாபாரத்தில் பெருக்கி, லாபத்திலிருந்து அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்பது அவர் தரும் விளக்கம். முதல் கரைந்தால் கடை மூடும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்?

ஆகவே, இன்றே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, சொத்து. ஃபராயிள் சட்டப்படி இப்பிள்ளையின் பங்கு குறையாது. அறிவுக் குறைவு வாரிசுரிமையைத் தடுக்காது. அந்தப் பங்கை அண்ணன் தம்பியர் தம் பங்கோடு கலந்துவிடாதபடி, நம்பிக்கையானவரைப் பொறுப்பாளராக்கி எழுத்தில் வையுங்கள். அமானா ராயா போன்ற நிறுவனத்தில் அறக்கட்டளையாக வைக்கலாமா என்றும் விசாரியுங்கள்.

இரண்டு, பதிவு. ஜாசின் சமூகநல அலுவலகத்தில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறுங்கள். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. அவற்றில் பகலில் பயிற்சி பெற்று இரவில் வீடு திரும்பலாம். வீட்டை விட்டுப் பிரியும் முன் இதுவே நல்ல படி.

மூன்று, இல்லம். பார்க்க எவருமில்லாத நிலை வந்தால் தங்கும் இல்லம் தேவைப்படும். சிரம்பானில் அரசாங்கத்தின் தாமான் சினார் ஹராப்பான் துவாங்கு அம்புவான் நாஜிஹா இருக்கிறது. தனியார் இல்லமாயின், நான்கு பேரையோ அதற்கு மேலோ தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். உணவு ஹலாலா, தொழுகைக்கு இடமுண்டா, உறவினர் எந்நேரமும் வர விடுகிறார்களா, பகலெல்லாம் சும்மா உட்கார வைக்கிறார்களா என்று கவனியுங்கள்.

இல்லம் பெரியதாயிருப்பது மட்டும் பெருமையல்ல. நியூயார்க்கின் வில்லோபுரூக் இல்லத்தில் ஆயிரக்கணக்கானோரை நெருக்கியடித்து வைத்த கொடுமை 1972-இல் தொலைக்காட்சியில் வெளிப்பட்டது. 1987-இல் அது மூடப்பட்டது. அதன் பின் உலகம் ஊருக்குள் சிறு வீடுகளில் சிலராக வாழும் முறையை நாடுகிறது. மலேசியா 2010-இல் ஏற்ற ஐக்கிய நாட்டு ஒப்பந்தமும், சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்களின் உரிமை என்கிறது.

இல்லத்தில் சேர்ப்பது பாவமன்று. சேர்த்துவிட்டு மறப்பதே பாவம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது போய் அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். வக்ஃபு வைக்கும் வசதி பெற்றவர்கள், பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அடுத்தபடியாக இப்பிள்ளைகளையும் நினையுங்கள்.

இவர்கள் நம் கையில் அல்லாஹ் வைத்த அமானிதம். அமானிதத்திற்குக் கணக்குண்டு. அந்தக் கணக்கில் நம்மை வெட்கப்படாதவர்களாக வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.